இரண்டு வருஷத்தைத் தாண்டியவர்

சிறுசேரிப் பக்கம் சமீபத்தில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வாலிபர்கள் வெளியே வருவார்கள். பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மீதிப் பேரில் ஒரு பகுதி நேரே ஜிம்முக்குப் போகும். பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பை மாலை ஒரு மணி நேரத்தில் இரும்பாக்கிவிட வேண்டும் என்று அவர்களுக்கு அத்தனை அவசரம்.

அப்படி ஒரு ஜிம்மின் வாசலில் போன மாதம் சற்று நின்றேன். கண்ணாடி அலமாரியில், எங்கள் வீட்டு எண்ணெய் டின்னை விடப் பெரிய டின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் பீமசேனன் போன்ற ஒரு ஆசாமியின் படம். "இதில் என்ன தம்பி இருக்கிறது?" என்று கேட்டேன். "புரோட்டீன் சார்" என்றான் பையன். "வேறு என்ன?" என்றேன். டின்னைத் திருப்பிப் பார்த்தான். பொடி எழுத்தில் ஏழெட்டு வரிகள். அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. "எல்லாரும் வாங்கறாங்க சார்" என்று முடித்துவிட்டான்.

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் வலக் கைப்பக்கம் திரும்பினால் வண்டலூர் போகும் சாலை. அந்தச் சாலையில்தான் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓடவும் எறியவும் தாண்டவும் படிப்பாகவே படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். டின் விற்கும் இடத்துக்கும் தாண்டப் படிக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் பஸ்ஸில் அரை மணிகூட இல்லை. இந்தத் தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வருகிறது. அவரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெயர் சரத் குமார். அவசரப்படாதீர்கள், நம் சினிமாக்காரர் அல்ல! இவர் பீகார்க்காரர். லிச்சிப் பழத்துக்குப் பெயர்போன முஜாபர்பூரில் 1992 மார்ச்சு 1-ந் தேதி பிறந்தவர். உயரம் தாண்டுவதில் இந்தியாவின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர். ஒரு காலால் தாண்டுகிறவர். ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு வருஷம் தடை விதிக்கப்பட்டவரும் அவர்தான்.

"மருந்து சாப்பிட்டவரைப் பற்றி என்ன ஐயா கட்டுரை?" என்று சில நேயர்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டு வயதில் ஒரு மருந்து

சரத்துக்கு இரண்டு வயது. ஊரில் போலியோ ஒழிப்புக்காக மருந்து கொடுத்தார்கள். எல்லாத் தாய் தகப்பனாரையும் போல அவருடைய பெற்றோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொடுத்தது போலி மருந்து. எந்த நோய் வரக்கூடாது என்று தூக்கிப் போனார்களோ, அந்த நோயின் கொடுமையே வந்து சேர்ந்தது. குழந்தையின் இடது கால் செயலிழந்து போயிற்று.

பிள்ளையைச் சிறு வயதிலேயே வெகு தூரத்தில், டார்ஜிலிங்கில் உள்ள செயின்ட் பால்ஸ் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் மலையூர் அது. எங்கே போனாலும் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். அங்கே அவருடைய அண்ணனும் படித்தார். அண்ணன் உயரம் தாண்டுவதில் கெட்டிக்காரர். அண்ணன் செய்வதைத் தம்பி செய்யாமல் இருப்பானா? ஏழாம் வகுப்பில் தம்பியும் தாண்ட ஆரம்பித்தான். இரண்டு காலும் நன்றாக உள்ள பையன்களோடுதான் போட்டி.

பிறகு டில்லி மாடர்ன் ஸ்கூல்; கிரோரிமல் கல்லூரியில் அரசியல் சாஸ்திரம்; ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பற்றி எம்.ஏ. விளையாட்டுக்காரர் என்றால் படிப்பு வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்காகவே இந்த விவரத்தைக் குறிப்பிட்டேன்.

2010-ல் சீனாவின் குவாங்ஜோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாக இந்தியாவுக்காக இறங்கினார். வயது பதினெட்டு. 2012 ஏப்ரலில் கோலாலம்பூரில் 1.64 மீட்டர் தாண்டி, லண்டன் பாராலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். இருபது வயதில் லண்டன்! வீட்டில் எத்தனை சந்தோஷம் இருந்திருக்கும்!

இருபது வயதில் இன்னொரு மருந்து

சோதனை முடிவு வந்தது. தடை செய்யப்பட்ட பொருள் உடம்பில் இருந்தது. லண்டன் போயிற்று. இரண்டு வருஷத் தடை.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், விளையாட்டு வீரனின் பிழைப்பு எத்தகையது என்பது புரியும். பந்தயம் முடிந்ததும், சில சமயம் பந்தயமே இல்லாத நாளில் வீட்டு வாசலிலும், ஓர் அதிகாரி வந்து நிற்பார். அவர் கண் முன்னாலேயே சிறுநீர் கொடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி லிட்டர். கூச்சம், நாச்சம் எதுவும் செல்லாது. அதை இரண்டு பாட்டில்களில் பிரித்து, வீரனே தன் கையால் மூடி முத்திரை வைப்பான். ஒன்று 'ஏ', இன்னொன்று 'பி'. 'ஏ'யில் ஏதாவது அகப்பட்டால், வீரன் கேட்டால் 'பி'யையும் திறந்து பார்ப்பார்கள். முதல் வரிசை வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் தாங்கள் இருக்கும் இடத்தை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டால், மருந்தே சாப்பிடாவிட்டாலும் குற்றம்தான். நம்மில் எத்தனை பேர் நாளைக் காலை ஆறு மணிக்கு எங்கே இருப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தயார்?

1999-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தோன்றியது. 2004-லிருந்து அதன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு ஒரே ஒரு விதி. உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீயே பொறுப்பு. "தெரியாமல் சாப்பிட்டேன்", "டாக்டர் கொடுத்தார்", "சத்து மாவு என்று நினைத்தேன்" என்பதெல்லாம் தண்டனையைக் குறைப்பதற்கு வேண்டுமானால் உதவலாம், குற்றத்தைத் துடைக்காது. கொலை வழக்கில்கூடக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கோர்ட்டார் கேட்கிறார்கள். இங்கே பாட்டில்தான் சாட்சி, பாட்டில்தான் நீதிபதி.

கொடுமையான விதி என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. யோசித்துப் பார்த்தால், வேறு விதி வைக்கவும் வழியில்லை. எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கருவி கிடையாது. "தெரியாது" என்ற ஒரு வார்த்தையை ஒப்புக்கொண்டால் அப்புறம் உலகத்தில் குற்றவாளியே இருக்கமாட்டான். ஆனாலும், இரண்டு வயதில் பிறர் கொடுத்த மருந்தால் காலை இழந்தவர், இருபது வயதில் இன்னொரு மருந்தால் லண்டனை இழந்தார் என்று படிக்கும்போது மனம் சட்டப் புத்தகத்தோடு நிற்க மறுக்கிறது.

அவர் இழந்தது என்ன என்பதையும் பாருங்கள். அந்த 2012 லண்டன் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதக்கம். அதுவும் எதில்? இதே உயரம் தாண்டுதலில்! கர்நாடகத்தைச் சேர்ந்த கிரீஷா 1.74 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய பிஜித் தீவு வீரர் இலியேசா டெலானாவும் அதே 1.74, வெண்கலம் வாங்கிய போலந்துக்காரரும் அதே 1.74. தவறிய தடவைகளை எண்ணித்தான் யாருக்கு எது என்று தீர்மானித்தார்கள். பிஜிக்கு அதுவே முதல் பாராலிம்பிக் பதக்கம். சரத் இருந்திருந்தால் வென்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய தகுதி உயரம் பத்து சென்டிமீட்டர் குறைவு. ஆனால் அந்த வரிசையில் நிற்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதே லண்டனில், அதே கோடையில், சில வாரங்களுக்கு முன் நடந்தது ஒலிம்பிக் உயரத் தாண்டல். ருஷ்யாவின் இவான் உகோவ் 2.38 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார்; கொடி ஏறிற்று; தேசிய கீதம் ஒலித்தது. மாஸ்கோ பரிசோதனைச் சாலையில் வருஷக் கணக்காக நடந்த தில்லுமுல்லு பிற்பாடு அம்பலமாகி, 2019-ல்தான் அவருடைய வெற்றி ரத்தாயிற்று. அன்றைக்கு இரண்டாவதாக வந்த அமெரிக்கர் எரிக் கைனார்டுக்குத் தங்கத்தை மாற்றி எழுதியது 2021-ல். ஒன்பது வருஷம் கழித்து வரும் தங்கத்துக்கு யார் கை தட்டுவது? முஜாபர்பூர்ப் பையன் சில மாதங்களில் அகப்பட்டுக்கொண்டான். ஒரு பெரிய அமைப்பே பின்னால் நின்று காப்பாற்றியவர் ஏழு வருஷம் தப்பினார். வலையில் முதலில் விழுவது சின்ன மீன்தான் போலிருக்கிறது.

க்யூபாவின் எட்டடி மனிதர்

உயரத் தாண்டலையும் மருந்தையும் பற்றிப் பேசிவிட்டு க்யூபாவின் ஹாவியேர் சோட்டோமேயரை விட்டுவிட முடியாது. 1993 ஜூலை 27-ந் தேதி, ஸ்பெயினில் சலமான்கா என்ற ஊரில், 2.45 மீட்டர் தாண்டினார். எட்டடிக்கு மேலே அரை அங்குலம்! உங்கள் வீட்டு நிலைப்படியின் மேல்கட்டையை நிமிர்ந்து பாருங்கள். அதற்கு மேலே இன்னும் ஒரு முழம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் ஒரு மனிதன் முதுகை வளைத்துக்கொண்டு போயிருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த அளவை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை.

1984, 1988 இரண்டு ஒலிம்பிக்குகளையும் க்யூபா பகிஷ்கரித்ததால் அவருக்கு வாய்ப்புப் போயிற்று. 1992-ல் பார்சிலோனாவில் தங்கம். அப்புறம் 1999-ல், கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்கன் பந்தயத்தில் தங்கம் வாங்கிய கையோடு, கொக்கேய்ன் அகப்பட்டது. பிடல் காஸ்ட்ரோவே டெலிவிஷனில் தோன்றி, "இது சதி" என்று வாதாடினார். இரண்டு வருஷத் தடையை ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். 2000-ல் சிட்னி போய் வெள்ளி வாங்கினார். 2001-ல் மறுபடியும் ஒரு சோதனை. இந்தத் தடவை நாண்ட்ரோலோன். அதே வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார்.

அவருக்கு ஒரு நாட்டின் தலைவரே வக்கீல். சரத்துக்கு? சரத்தேதான்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? உயரம் தாண்டுவதைப் போல இரக்கமற்ற பந்தயம் வேறு இல்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் கயிற்றை மார்பால் அறுத்துக்கொண்டு முடிக்கிறான். உயரத் தாண்டலில் தங்கம் வாங்குகிறவன்கூடப் பெரும்பாலும் தவறித்தான் முடிக்கிறான். கம்பியை ஏற்றிக்கொண்டே போவார்கள். மூன்று தடவை தொடர்ந்து தட்டிவிட்டால் முடிந்தது. விழுந்த கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டும்.

சேலத்துக்காரரும் பீகார்க்காரரும்

தடை தீர்ந்தது 2014-ல். அதே வருஷம் தென் கொரியாவின் இஞ்சியான் நகரில் ஆசிய பாரா விளையாட்டு. சரத் போனார், தாண்டினார், தங்கம் வாங்கினார். வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில் 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனால் கதை இனிமேல்தான் நம் ஊருக்கு வருகிறது.

2016 செப்டம்பரில் ரியோ. அந்தப் போட்டியை நீங்கள் மறந்திருக்க முடியாது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது காலை நசுக்கிவிட்டது. காய்கறி விற்று வளர்த்த தாயார் சரோஜா. இந்தக் கதை அன்றைக்குத் தமிழ்நாட்டில் சொல்லாத வீடு உண்டா? தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. வெண்கலமும் இந்தியாவுக்கே, வருண் பாட்டி வாங்கினார். நாமெல்லாம் பட்டாசு கொளுத்திக் கொண்டிருந்தபோது, அதே மைதானத்தில் ஆறாவது இடத்தில் ஒரு இந்தியர் நின்றுகொண்டிருந்தார். அவரை நாம் பார்க்கவில்லை. அவர்தான் சரத் குமார்.

ரியோவுக்குப் பிறகு அவர் உக்ரைனுக்குப் போனார். பயிற்சிக்காக. பாஷை தெரியாத ஊர், பனி, தனிமை. 2017-ல் லண்டனில் உலகப் போட்டி. ஐந்து வருஷத்துக்கு முன் போக முடியாத அதே லண்டன்! அங்கே வெள்ளி. 2018-ல் ஜாகர்த்தா ஆசியப் போட்டியில் 1.90 மீட்டர் தாண்டித் தங்கம். வருண் பாட்டிக்கு வெள்ளி, நம் மாரியப்பனுக்கு வெண்கலம். 2019-ல் துபாய் உலகப் போட்டியில் சரத் 1.83, வெள்ளி, மாரியப்பன் 1.80, வெண்கலம். இப்படி முஜாபர்பூரும் சேலமும் ஒன்றன் பின் ஒன்றாகப் பதக்க மேடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இருவருக்கும் தாண்ட உதவுவது ஒரே ஒரு நல்ல கால். சரத்துக்கு வலது, மாரியப்பனுக்கு இடது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு முழு ஜோடி!

டோக்கியோவில் 2021 ஆகஸ்டு 31-ந் தேதி போட்டி. அதற்கு முந்தின இரவுதான் எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பெரிய கட்டமாகத் தோன்றுகிறது. பயிற்சியில் சரத்தின் முழங்காலில் குருத்தெலும்பு காயப்பட்டுவிட்டது. இரவெல்லாம் அழுதார். போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று எண்ணினார். வீட்டோடு பேசினார். பகவத் கீதையைப் படித்தார். இதையெல்லாம் அவரே பிறகு பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவது நமக்குச் சர்வ சாதாரணம். அந்த இரவில் அவர் என்ன நினைத்திருப்பார்? ஒரு தடவை சூடு பட்டவர். எந்த மாத்திரையையும் பத்துத் தடவை யோசித்துத்தானே தொடவேண்டும்!

மறுநாள் மழை தூறிற்று. ஈரத் தரையில் ஓடிவந்து தாண்டினார்கள். அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88, தங்கம். மாரியப்பன் 1.86, வெள்ளி. சரத் 1.83, வெண்கலம். சரியாக ஆறடி. இருபது வயதில் கைநழுவிய பாராலிம்பிக் பதக்கம் இருபத்தொன்பது வயதில் கழுத்தில் ஏறியது. அந்த வருஷமே அர்ஜுனா விருதும் கிடைத்தது. தடை விதித்த சட்டமும் தண்டனை முடிந்ததென்று கணக்கை மூடியது. விருது தந்த சர்க்காரும் பழைய ஏட்டைப் புரட்டவில்லை. அது சரிதான் என்பது என் கட்சி. நேயர்களில் சிலர் வேறு கட்சியாக இருக்கலாம், எழுதுங்கள்.

ஆனால் ஏட்டை மூடிவிட்டால் வியாதி தீர்ந்துவிடுமா? 2022-ல் இந்தியாவில் சோதித்தவை 3,865 மாதிரிகள். அவற்றில் 125-ல் தடை செய்த பொருள் அகப்பட்டது. நூற்றுக்கு மூன்றுக்கும் மேல். நிறையச் சோதனை செய்யும் நாடுகளுக்குள்ளே விகிதத்தில் நாம்தான் முதலிடம் என்று அந்த வருஷத்து உலகக் கணக்குச் சொல்லிற்று. எந்தெந்தப் பட்டியலிலோ முதலிடம் கேட்டு ஏங்குகிறோம், கிடைத்தது இதில்! திருச்சிப் பக்கத்து முடிகண்டம் கிராமத்திலிருந்து போய் 2019-ல் தோஹாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசியத் தங்கம் வாங்கிய கோமதியின் கதையும் நமக்குத் தெரியும். பாராட்டு விழாக்கள் ஓய்வதற்கு முன்பே சோதனைச் செய்தி வந்தது. தங்கம் போயிற்று, நான்கு வருஷத் தடை. சரத்துக்குத் தடை விதித்த காலத்தில் சாதாரணமாக இரண்டு வருஷம். 2015 முதல் அதை நான்காக உயர்த்திவிட்டார்கள். இருபது வயதுப் பையனுக்கு இரண்டு வருஷத்தைத் தாண்டுவது ஒரு விதம். நான்கு வருஷம் என்றால் ஓர் ஒலிம்பிக் முழுசாகப் போய்விடும்.

மேலக்கோட்டையூர்ப் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன். அவர்கள் கையில் காசு குறைவு. டாக்டரைக் கேட்க நேரமில்லை. பக்கத்தில் பயிற்சி செய்கிறவன் "இது வெறும் சத்துப் பொடிதான்" என்று ஒரு டின்னை நீட்டினால் வாங்கத்தான் தோன்றும். டின்னின் மேல் அச்சிடாத சரக்கும் உள்ளே இருப்பதுண்டு என்பதை உலகத்துப் பரிசோதனைச் சாலைகள் பல தடவை காட்டியிருக்கின்றன. ஜலதோஷ மருந்தில்கூடத் தடைப் பட்டியலில் உள்ள சரக்கு இருக்கிறது.

2024 செப்டம்பர், பாரிஸ். சரத்துக்கு வயது முப்பத்திரண்டு. அந்த வருஷம் கோபே உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கிய உற்சாகத்தில் மாரியப்பன் வந்திருந்தார். அமெரிக்காவின் இளம் வீரர் எஸ்ரா ஃப்ரெச் 1.94-க்குப் போய்விட்டார். அவரைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த இரண்டு இடத்துக்குத்தான் நம்மவர்களின் பழைய வழக்கு. இந்தத் தடவை சரத் 1.88, வெள்ளி, மாரியப்பன் 1.85, வெண்கலம். ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிவிட்டார் நம் சேலத்துக்காரர். பக்கத்தில் மூவர்ணக் கொடியைப் போர்த்துக்கொண்டு நின்றார் பீகார்க்காரர்.

படம் எடுத்தார்கள், கை குலுக்கினார்கள். இப்படிப் பதக்கம் வாங்கி இறங்குகிறவர்களுக்காக, எந்தப் போட்டியானாலும், மேடைக்குப் பின்னால் ஓர் அதிகாரி சீட்டும் பேனாவுமாகக் காத்திருப்பது வழக்கம். சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரோடு நடக்க வேண்டும். அறைக் கதவு சாத்தப்படும். மேஜை மேல் இரண்டு பாட்டில்கள் இருக்கும்.